முந்நூறு வெள்ளிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்



முன்பெல்லாம் விடியற்காலையில் நம்மை எழுப்பியது பெரட்டு மணி. இப்போது அதற்கும் முன்னால், மூன்றரை மணிக்கே, லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கிறது. பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளின் வண்டி அது. அரைத் தூக்கம், மழை, லோரி நெரிசல், பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்கள். விழாமல் போய் வருவதே பெரிய காரியம். விழுந்தால் என்ன செலவாகும், அந்தச் செலவை யார் கொடுப்பார் என்பதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். "டிரெசர் மருந்தைப் பற்றி எழுதாமல் காசைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலர் நினைக்கலாம். இருபது வருஷமாகக் கட்டுப் போட்டு வருகிறவன் நான். காயம் ஆறி, தையல் பிரித்து, ஆள் நடமாட ஆரம்பித்த பிறகும் அந்த வீட்டில் கடன் ஆறாமல் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

நம் பக்கத்துப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டை உண்டு. ஒரு நாள் காலை, மழை விட்ட ஈரத்தில், பக்கத்துச் சந்திலிருந்து வந்த கார் இவன் வண்டியின் பின்பக்கத்தை இடித்துவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். கார்க்காரர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். முந்நூறு சிங்கப்பூர் வெள்ளியை எடுத்து நீட்டினார். ஒரு தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, இதோடு கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பையனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பதினாறு நாள் கழித்து என்னிடம் வந்தான். "நல்ல ஆளுங்கய்யா, கேக்காமலே குடுத்தாரு. வண்டி ரிப்பேருக்குப் பாதிதான் ஆச்சு, மிச்சம் கையில நின்னுச்சு. ஆனா ஸ்பானர் புடிச்சாத்தான் கை விண்ணுன்னு தெறிக்குது" என்றான்.

கட்டை விரலை விரித்துத் தூக்கச் சொன்னேன். அப்படித் தூக்கினால் விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக, ஒரு சின்னக் குழி விழும். நீங்களும் தூக்கிப் பாருங்கள், தெரியும். அந்தக் குழியில் என் விரலை வைத்து அமுக்கினேன், பையன் துள்ளிவிட்டான். அந்த இடத்தில் ஸ்கேஃபாய்ட் என்று ஒரு எலும்பு இருக்கிறது. முந்திரிக் கொட்டை அளவுதான். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு இது. இதன் கெட்ட குணம் என்னவென்றால், விழுந்த அன்று எடுக்கிற எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். இரத்த ஓட்டமும் அந்த எலும்புக்குக் குறைச்சல். கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே நின்றுவிடும், பிறகு ஆபரேஷன், ஸ்க்ரூ என்று இழுத்துக்கொண்டே போகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினேன். நான் பயந்தபடியே முறிவுதான். மூன்று மாதம் மாவுக்கட்டு.

அவன் தாயார் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். அந்தக் கணக்கில் ஆஸ்பத்திரிச் செலவு மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. முதல் இடம், வராத சம்பளம். இரண்டாவது, மோட்டார் தவணை. கை உடைந்தால் தவணை நிற்குமா? அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர டாக்சி, துணைக்குப் போன தாயாருக்கு விட்டுப்போன நாள்சம்பளம், அடகுக்குப் போன சங்கிலியின் வட்டி. அந்த முந்நூறு வெள்ளியும் ஒரு வரவாக, சிவப்பு மையில், எழுதியிருந்தது.

கார்க்காரரிடம் திரும்பப் போய்க் கேட்கலாமே என்பீர்கள். கார் நம்பரை இவன் எழுதி வைக்கவில்லை. போலீஸ் ரிப்போர்ட் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளோ அவரிடம். உடம்புக் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட சிங்கப்பூர்ச் சட்டத்தில் மூன்று வருஷம் தவணை உண்டு. தவணை இருந்து என்ன, யார் மேல் போடுவது?

அந்தக் கார்க்காரர் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, தோழர்களே. மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதி எடுக்காமல் சிங்கப்பூரில் எந்த மோட்டார் வாகனமும் சாலையில் ஓடக் கூடாது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதையேதான் சொல்கிறது. ஆக, கொடுப்பது காப்புறுதிக் கம்பெனி. "பாவம், அந்த ஆளும் நம்மைப் போலச் சம்பளக்காரர்தானே" என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறோம். அவர் ஏற்கெனவே சந்தா கட்டி வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். தவறு மற்றவர் மேல் என்று நிரூபித்தால் வலிக்கும் வேதனைக்கும், வைத்தியச் செலவுக்கும், போன சம்பளத்துக்கும், இனிமேல் குறையப்போகிற சம்பாத்தியத்துக்கும் கேட்கலாம். இடித்தவன் நிற்காமல் ஓடிவிட்டாலோ, காப்புறுதி இல்லாத வண்டியாக இருந்தாலோ, அதற்காகவே 1975இல் சிங்கப்பூர் மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். அங்கே விண்ணப்பம் செய்யலாம். ஆனால் நம் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். ஹெல்மெட்டின் பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டை மண்டையையும் காப்பாற்றும், கிளைமையும் காப்பாற்றும்.

இது ஒரு வழி. இரண்டாவது வழி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு உரிய இழப்பீடு. சிங்கப்பூரில் இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். இதில் யார் தவறு என்ற கேள்வியே இல்லை. வக்கீலும் தேவையில்லை. விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி விடுப்பில் இருந்தால் அறுபது நாள்வரை முழுச் சம்பளம், வெளிநோயாளி விடுப்பானால் பதினான்கு நாள்வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் ஒரு வருஷம்வரை மூன்றில் இரண்டு பங்கு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு வைத்தியச் செலவு 53,000 வெள்ளிவரை அல்லது ஒரு வருஷம்வரை. உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தது 91,000, அதிகம் 2,69,000. நிரந்தரமாக உடல் முழுவதும் முடங்கிப்போனால் 1,16,000 முதல் 3,46,000 வரை. கை, கால் ஓரளவு கெட்டுப்போனால் எத்தனை சதவீதம் என்று டாக்டர் மதிப்பிடுவதைப் பொறுத்து அமையும். எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நம் தோட்டத்தில் ஒருவர் வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்குப் போகும் வழியில் மோட்டாரில் சறுக்கி விழுந்தால் அது சொக்சோ கணக்கில் சேரும். 1969ஆம் ஆண்டின் சட்டம் வேலைக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் வேலையோடு சேர்த்தே பார்க்கிறது. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளக் கணக்கில் எண்பது சதவீதம் கிடைக்கும். இதைப் பார்த்துப் பழகிய நாம் சிங்கப்பூரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அப்படி இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த பஸ்ஸிலோ லோரியிலோ போகும்போது அடிபட்டால்தான் அது வேலைக்காயம். சொந்த மோட்டாரில் போனாலும், பொதுப் பேருந்தில் போனாலும், அது உங்கள் சொந்தப் பயணம். சிங்கப்பூர் முதலாளி சொக்சோவுக்குச் சந்தா பிடிப்பதும் இல்லை. ஆக, நம் பையன் விடியற்காலையில் பாலத்தில் மழைத் தண்ணீரில் தானாகச் சறுக்கி விழுந்தான் என்று வையுங்கள். இடித்த வண்டி இல்லை, கேட்க ஆள் இல்லை. வேலைக்காயமும் இல்லை, சொக்சோவும் இல்லை. அவன் மோட்டாருக்கு எடுத்த காப்புறுதி மூன்றாம் நபர் காப்புறுதியாக இருந்தால், அது அவன் இடித்தவருக்குக் கொடுக்குமே தவிர அவனுக்குக் கொடுக்காது. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில், அந்தப் பாலத்தைப் போலவே, அந்தரத்தில் நிற்கிறான்.

முதலாளி வண்டியில் போனால் பாதுகாப்பு என்றும் அர்த்தம் இல்லை. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி, தீவு விரைவுச்சாலையில் பதினேழு வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற லோரி ஒன்று, நின்றுகொண்டிருந்த டிப்பர் லோரியில் மோதியது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். லோரியின் பின்னால் சாமான் ஏற்றுகிற இடத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று அங்கே பலர் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். என் அபிப்பிராயமும் அதுதான். உடம்புக்கு ஆபத்து அதிகம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த லோரிப் பயணத்துக்கு இழப்பீடு உண்டு. பத்திரமாக ஹெல்மெட் போட்டுச் சொந்த மோட்டாரில் போகிறவனுக்கு இல்லை. விசித்திரம்தான்.

வேலை இல்லாத நாளில் நடக்கும் விபத்தும் அப்படித்தான். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு தேக்காவில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேருகிற இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர், தொழிலாளர்களைத் தங்கும் விடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதன் பிறகு கலவரம், எரிந்த போலீஸ் வண்டி, விசாரணைக் குழு, மது விற்பனைக்குக் கட்டுப்பாடு என்று உலகமே அதைப் பேசியது. என் மனதில் நின்றது வேறு. ஓய்வு நாளில் கடைத்தெருவுக்குப் போய், சாமான் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்புகிற வழியில் அடிபட்டால் அது பொதுவாக வேலைக்காயம் ஆகாது. வண்டிக்காரர் மேல் தவறு என்று காட்டினால்தான் காசு. குடித்திருந்தால் அதைக் காட்டுவது இன்னும் கஷ்டம். குடிக்கிற தோழர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, சாலையைக் கடக்கிற அன்றைக்காவது யோசியுங்கள் என்கிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி. சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சலுகைக் கட்டணம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு 2007 முதல் அந்தச் சலுகை இல்லை. ஆனால் வேலை அனுமதிக்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு எடுக்க வேண்டும், அதற்கு முன் 15,000தான். ஆஸ்பத்திரியில் படுக்கிற செலவுக்கும் ஆபரேஷனுக்கும் இது உதவும். வேலைக்காயமாக இல்லாவிட்டாலும் உதவும். இது பல பேருக்குத் தெரியாமல், பில்லுக்குப் பயந்து அடிபட்ட கையோடு பாலம் தாண்டி ஓடிவந்து விடுகிறார்கள். ஆனால் தீபாவளிச் சாமான் வாங்கவோ, கோயிலுக்கோ, உறவுக்காரர் வீட்டுக்கோ போகிற உங்களுக்கு அந்தக் காப்புறுதியும் கிடையாது. முழுக் கட்டணம். போகும் முன் உங்கள் கார் காப்புறுதி சிங்கப்பூருக்கும் செல்லுமா, கூட வருகிறவர்களுக்கும் சேருமா என்று ஏஜெண்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் டான் டோக் செங் ஆஸ்பத்திரியில் இருந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். சாயந்திரம் தேக்கா பக்கம் நடந்து, கஃப் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நம்மவர்கள் சிலர் நிற்பதைக் கண்டேன். ஒருவர் கையில் தூளி, ஒருவர் கக்கத்தில் ஊன்றுகோல். விசாரித்தேன். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தொண்டு அமைப்பு 2008இல் அந்த வட்டாரத்தில் ஆரம்பித்த இலவச உணவுத் திட்டம் அது. அடிபட்டு, வேலை அனுமதி ரத்தாகி, இழப்பீடு முடிவாகக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்குச் சிறப்பு அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை செய்ய முடியாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சம்பளம் இருக்காது, ஊரில் ஏஜெண்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஒரு தம்பி சொன்னான்: "காலு வலி பரவாயில்லண்ணே. வீட்டுக்குப் போன் பண்ணா பணத்தப் பத்திக் கேப்பாங்க, அதான் பண்றதில்ல." நான் இருபது வருஷத்தில் படித்த எந்த வைத்தியப் புத்தகத்திலும் அந்த வலிக்குப் பெயர் இல்லை.

சரி, விழுந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் உயிர். சிங்கப்பூரில் 995க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் காசு கேட்பார்கள் என்று பயப்படாதீர்கள், அவசரம் இல்லாத காரியத்துக்குக் கூப்பிட்டால்தான் கட்டணம். கழுத்து வலிக்கிறது என்றால் அசையாமல் கிடக்கவும். கூட இருப்பவர்கள் ஹெல்மெட்டை இழுத்துப் பிடுங்க வேண்டாம். உணர்வு இருந்தால், கைப்பேசியில் படம் எடுங்கள்: இரண்டு வண்டியின் நம்பர் பலகை, வண்டிகள் நின்ற நிலை, சாலையின் கோடு, விளக்கு, உங்கள் காயம். மற்றவரின் பெயர், போன் நம்பர், காப்புறுதிக் கம்பெனி ஆகியவற்றை வாங்குங்கள். பார்த்தவர் ஒருவரின் போன் நம்பர் கிடைத்தால் தங்கம். காயம் என்றால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். நம் நாட்டிலும் அதே இருபத்துநான்கு மணிதான். உங்கள் காப்புறுதிக் கம்பெனிக்கும் இருபத்துநான்கு மணிக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும், சின்னக் கீறலாக இருந்தாலும்.

யார் என்ன நீட்டினாலும் அந்த இடத்தில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இது நான் டிரெசராகச் சொல்வது. உடம்பு அன்றைக்கு உண்மையைச் சொல்லாது. அடிபட்ட பதற்றத்தில் வலி தெரியாது. மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். முழங்கால் உள்நரம்பு அறுந்தவனும் அன்றைக்கு நடந்தே போவான். தலையில் அடிபட்டவன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணி நேரம், ஏன் சில நாள் கழித்துக்கூட, வாந்தி எடுத்துத் தூங்கி விழுவான். இடது விலாவுக்குக் கீழே அடிபட்டு, பிறகு இடது தோள்பட்டையிலும் வலி வந்தால் மண்ணீரலில் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், உடனே ஓடுங்கள். அன்றே டாக்டரிடம் போய், எங்கெங்கே வலிக்கிறதோ எல்லாவற்றையும் சொல்லி எழுத வையுங்கள். "சின்ன வலிதானே, எதுக்கு" என்று சொல்லாமல் விட்ட வலிக்குப் பிறகு காப்புறுதிக்காரர் காசு கொடுக்க யோசிப்பார். எம்.சி., பில், மருந்துச் சீட்டு, டாக்சி ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலும் தேக்காப் பக்கமும் "கிளைம் வாங்கித் தர்றேன் தம்பி, வர்றதுல இத்தனை பெர்சென்ட் குடுத்தாப் போதும்" என்று ஆட்கள் வருவார்கள். இழப்பீட்டில் சதவீதம் பேசி இந்த மாதிரி வழக்கு எடுக்க சிங்கப்பூர் வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. அசல் காகிதங்களை அவர்களிடம் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். வேலைக்காயம் என்றால் நேராக மனிதவள அமைச்சிடம் போகலாம். வேலைக்காய இழப்பீடு, வழக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால், எது நல்லது என்று விசாரித்த பிறகே முடிவு செய்யுங்கள். முதலாளி "நீ படியில விழுந்தேன்னு சொல்லு" என்றால் சொல்லாதீர்கள். டாக்டரிடம் முதல் நாள் சொன்னதுதான் கடைசிவரை நிற்கும்.

சொந்த மோட்டாரில் பாலம் தாண்டுகிறவர்கள் தங்கள் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொன்ன அந்த ஓட்டையை அடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எடுக்கும்போது இரண்டு கேள்வி: சிங்கப்பூரில் நடந்தால் கொடுப்பீர்களா? மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நடந்தால் கொடுப்பீர்களா? சில பத்திரங்களில் மோட்டார் சைக்கிளை விலக்கி வைத்திருப்பார்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னால் போதாது, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இங்கிலீஷோ மலாயோ புரியாவிட்டால் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் தோட்டத்து டிரெசரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ போங்கள்.

அந்தப் பையன் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டான். கை பழைய மாதிரி முழுசாக மடங்கவில்லை. இந்தப் பகுதியில் அவனைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கய்யா, ஆனா அந்த முந்நூறு வெள்ளிய மட்டும் எழுதிராதீங்க, பசங்க சிரிப்பானுங்க" என்றான். பிறகு அவனே யோசித்து, "இல்ல, அதையே எழுதுங்க" என்றான்.

அடுத்த மாதம் பாம்புக்கடியைப் பற்றி எழுதுகிறேன்.